மஞ்சக்காணி

மேட்டூரில் திறந்த தண்ணீர் குத்தாலம் வந்து சேர்ந்திருக்கிறது.

நுரையும் சருகும் முன்னால் போகின்றன. மணல் திட்டுகள் ஒவ்வொன்றாக நிறம் மாறுகின்றன.

படித்துறைக் கல்லில் யாரோ மஞ்சள் உரைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கல் காய்ந்துகொண்டிருக்கிறது.

மூச்சு உள்ளே வருகிறது. ஆற்று வாசனையோடு வருகிறது.

*

உக்தவேதீஸ்வரர் கோயில்.

உள்ளே உத்தால மரம். மரத்தடியில், கல்லில் ஒரு ஜோடிப் பாதுகை.

பரத முனிவரின் மகளாகப் பிறந்த அம்பாள் காவிரி மணலில் லிங்கம் பிடித்துப் பூசிக்கிறாள். லிங்கத்திலிருந்து எழுந்தவர் அவள் கையைப் பற்றுகிறார். அப்பாவிடம் வந்து கேட்கவேண்டும், ஊரறிய முறைப்படி நடக்கவேண்டும் என்கிறாள். சரியென்று திரும்பிப் போகிறார். சொன்னபடியே வருகிறார். ஊர்ச் சுவாமிக்குச் சொன்னவாறறிவார் என்று பெயர். நிழலுக்குக் கூடவே வந்த மரமும், கழற்றி வைத்த பாதுகையும் இங்கேயே தங்கிவிடுகின்றன.

கையைப் பிடித்த பிறகும் வீட்டில் வந்து கேட்கச் சொல்கிற குரல். அதில் பயம் இல்லை. அவசரமும் இல்லை.

என்ன சீர், எத்தனை மா நிலம் என்று மனம் கேட்கிறது. கேட்டுவிட்டு மரத்தைப் பார்க்கிறது.

*

அக்கரையில் எதிர்கொள்பாடி, வேள்விக்குடி, திருமணஞ்சேரி.

மாப்பிள்ளையை எதிர்கொண்ட ஊர். வேள்வி நடந்த ஊர். மணம் முடிந்த ஊர்.

பஸ்ஸில் கல்யாணம் தள்ளிப்போகும் பிள்ளைகள். பக்கத்தில் அம்மா அப்பா. திரும்பும்போது மடியில் மாலை, கையில் எலுமிச்சம்பழம். யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஜன்னலுக்கு வெளியே நாற்றங்கால். பச்சை இன்னும் கெட்டிப்படவில்லை.

ஜாதகத்துக்கு முன்னாலேயே இங்கே ஒரு கேள்வி வந்துவிடுகிறது. நிலம் எவ்வளவு.

*

கூடத்தில் பத்தாயம். நெல் இல்லை. மூடியைத் தூக்கினால் பழைய உமியின் வாசனை மேலே வருகிறது.

பக்கத்தில் தகரப்பெட்டி. பத்திரங்கள். மடிப்பில் கிழிந்து, துணி ஒட்டி, அதே மடிப்பில் மறுபடி மடித்தவை.

கிரயம். அடமானம். பாகப்பிரிவினை. செட்டில்மெண்ட். உயில்.

ஒவ்வொன்றிலும் நான்கெல்லை. வடக்கே வாய்க்கால். கிழக்கே இன்னார் பாகம். தெற்கே இடுகாட்டுப் பாதை. மேற்கே கோயில் நிலம்.

பெண்களும் வருகிறார்கள். இன்னாரின் குமாரத்தி. இன்னாரின் பாரியாள். பெயருக்கு முன்னால் ஓர் ஆண் நிற்கிறார்.

ஒரு தாளில் கட்டைவிரல் ரேகை. மை இன்னும் கறுப்பு. ரேகையின் சுழிகூடத் தெரிகிறது.

யார் என்று தெரியவில்லை.

*

வேலிக்கு 20 மா. ஏக்கரில் சொன்னால் ஆறரைக்குச் சற்று மேல். மாவுக்கு 100 குழி.

ஒரு வேலி, நான்கு மகன்கள். ஆளுக்கு 5 மா. அவர்களுக்கும் நான்கு நான்கு என்றால் ஒன்றேகால் மா. அதற்கும் அடுத்து 31 குழி, சொச்சம்.

வரப்பு கூடுகிறது. வயல் குறைகிறது.

அதனால் அத்தை மகனுக்குக் கொடுக்கிறார்கள். மாமன் மகளை எடுக்கிறார்கள். சொத்து வெளியே போகக் கூடாது என்கிறார்கள். கொடுத்த வீட்டிலேயே எடுக்கிறார்கள். எடுத்த வீட்டிலேயே கொடுக்கிறார்கள். பழைய மிராசு வீடுகளின் கல்யாணப் பத்திரிகைகளில் அதே ஊர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

பந்தலில் இரண்டு பக்கமும் ஒரே முகச்சாயல்.

மணையில் பெண் உட்கார்ந்திருக்கிறாள். தலை குனிந்திருக்கிறது. நிலம் அவள் வழியாகப் போகிறது, அவளிடம் நிற்பதில்லை.

*

நிற்பதும் உண்டு. மஞ்சக்காணி.

மகளைக் கட்டிக்கொடுக்கும்போது மஞ்சள் குங்குமத்துக்கென்று அப்பா எழுதிவைக்கும் நிலம். இரண்டு மா, மூன்று மா. வாய்க்கால் தலைமடையில் இருந்தால் அப்பாவுக்கு மகள்மேல் பாசம் அதிகம் என்று பொருள்.

அது அவளுடையது. கணவனுக்கு அதில் பாத்தியம் இல்லை. குத்தகை நெல் அவள் பெயரில் அளந்து வரும். அந்த நெல்லில் அவள் தோடு வாங்குவாள். தங்கை மகளுக்குச் சீர் செய்வாள். யாரையும் கேட்கவேண்டியதில்லை.

இங்கிலாந்தில் மணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரில் வைத்துக்கொள்ள 1882-இல்தான் முழுச் சட்டம் வருகிறது.

ஆனால் இரண்டு மா, இரண்டு மாதான். அண்ணன் தம்பிக்குப் போவது வேலிக் கணக்கு.

மடை திறக்கும் சத்தம் கேட்கிறது.

*

இங்கிலாந்துப் பிரபுக்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். எல்லாம் மூத்த மகனுக்கு. மாளிகை, காடு, வயல், பட்டம். இளையவனுக்குப் படை, அல்லது திருச்சபை, அல்லது இந்தியா. மகளுக்கு ஒரு தொகை.

உயில் எழுதாமல் இறப்பவரின் நிலம் மூத்த மகனுக்கே என்ற விதி அங்கே 1925 வரை இருக்கிறது. பட்டங்கள் பெரும்பாலும் இன்றும் ஆண்வழியில்தான் போகின்றன.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கக் கோதுமை வந்து இறங்குகிறது. நிலத்தின் வருமானம் விழுகிறது. மாளிகைகளின் கூரை ஒழுகுகிறது. 1895-இல், நியூயார்க்கில், கான்சுலோ வாண்டர்பில்ட் என்ற 18 வயதுப் பெண்ணை மார்ல்பரோ பிரபுவுக்குக் கட்டிவைக்கிறார் அவள் தாய். ரயில்வே குடும்பத்தின் பணம் பிளென்ஹைம் மாளிகைக்குப் போகிறது. கல்யாணத்தன்று காலை தனியாக அழுதுகொண்டிருந்ததாகப் பின்னாளில் கான்சுலோவே எழுதுகிறார்.

அந்த அறையின் அமைதி எனக்குப் பழக்கமானதுதான். இங்கேயும் அப்படி அறைகள் இருக்கின்றன. கதவுக்கு வெளியே நாயனம்.

*

மேற்கே சற்றுத் தூரத்தில் திருவாவடுதுறை. கிழக்கே மயிலாடுதுறையை ஒட்டித் தருமபுரம்.

ஆதீனங்கள். கல்யாணம் இல்லை. பிள்ளை இல்லை. குருவிடமிருந்து சீடருக்கு. நூற்றாண்டுகளாக நிலம் துண்டாகவில்லை.

பிரியாமல் இருக்க, மூத்தவன் மட்டும் என்பது ஒரு வழி. யாருமே இல்லை என்பது இன்னொரு வழி.

மகள் வழி.

நினைப்பு வருகிறது. வந்து நிற்கிறது. தொந்தரவு செய்யாமல் விடுகிறேன்.

*

தஞ்சாவூர் அரண்மனை. தர்பார் கூடத்துச் சுவர்களில் வண்ணம் உதிர்ந்துகொண்டிருக்கிறது. புறாக்களின் சிறகடிப்பு மேலே.

1787. மன்னர் துளஜாவுக்குப் பிள்ளை இல்லை. சாவதற்குச் சில நாள் முன் சரபோஜியைத் தத்தெடுக்கிறார். பையனுக்கு ஒன்பது வயது. அரியணையில் உட்காருவது துளஜாவின் தம்பி அமர்சிங். ஒற்றைப் பிள்ளையைத் தத்துக் கொடுக்கலாமா என்று கிழக்கிந்தியக் கம்பெனி பண்டிதர்களைக் கேட்கிறது. செல்லாது என்கிறார்கள். பிறகு மறுபடியும் வேறு பண்டிதர்களைக் கேட்கிறது. செல்லும் என்கிறார்கள். 1798-இல் சரபோஜி மன்னர். மறு ஆண்டு நாட்டின் நிர்வாகம் கம்பெனியிடம்.

அமர்சிங் திருவிடைமருதூருக்குக் குடிபோகிறார். 1802-இல் அங்கேயே இறக்கிறார். குத்தாலத்திலிருந்து கும்பகோணம் போகும் வழியில் உள்ள ஊர்.

சாஸ்திரம் அதேதான். கேட்ட நாள் வேறு.

*

சரபோஜியின் மகன் சிவாஜி. 1832-இல் பட்டம். கோட்டைக்கு வெளியே அதிகாரம் இல்லை. மகனும் இல்லை.

1852-இல் ஒரே நாளில் 17 பெண்களை மணக்கிறார்.

அந்த எண்ணில் நின்றுவிடுகிறேன்.

17 மணை. 17 தாலி. நாயனம் நின்ற பிறகு அரண்மனை எப்படி ஒலித்திருக்கும்.

அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

*

1855 அக்டோபர் 29. சிவாஜி இறக்கிறார். மகன் பிறக்கவில்லை. மகள்கள் இருவர் இருக்கிறார்கள்.

மகளுக்கே பட்டம் தரலாம் என்று கம்பெனியின் ரெசிடெண்ட் ஃபோர்ப்ஸ் எழுதுகிறார். லண்டனில் கம்பெனியின் இயக்குநர்கள் மறுக்கிறார்கள். இந்து அரசரின் மகளுக்கு அரசில் உரிமை கிடையாது என்கிறார்கள்.

லண்டனில் அப்போது ஆட்சியில் இருப்பவர் விக்டோரியா. 1837 முதல் இருக்கிறார்.

ஆண் வாரிசு இல்லையென்று தஞ்சாவூர் அரசு முடிகிறது. சாத்தாராவும் நாகபுரியும் ஜான்சியும் முன்பே முடிந்துவிட்டன.

*

1856 அக்டோபர். ஃபோர்ப்ஸ் சிப்பாய்களோடு வருகிறார். அறைகளுக்கு முத்திரை. வாசல்களில் காவல்.

அரசு போனது ஒன்று. இப்போது வீடும் போகிறது. நகை, பாத்திரம், வயல், புத்தகம். மன்னர் தன் சொந்தப் பணத்தில் வாங்கியதும், ராணிகள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்ததும் பிரித்துப் பார்க்கப்படுவதில்லை.

உள்ளே கைம்பெண்கள். 17 பேரில் பலர் சின்னஞ்சிறியவர்கள். தாழ் போடும் சத்தம் ஒவ்வொரு கதவாக நகர்ந்து வருகிறது.

மூத்த ராணி காமாட்சி பாயி வழக்குத் தொடுக்கிறார்.

இந்த ஒரு வரியை மெதுவாகத் திரும்பப் படிக்கிறேன். திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரு பெண், கம்பெனி அரசின்மேல். வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன். சென்னை உச்ச நீதிமன்றம் ராணியின் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது.

1859-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றுகிறது. இது அரசு தன் ஆட்சி அதிகாரத்தால் செய்த செயல். சரியோ தவறோ, எந்த நீதிமன்றமும் அதைக் கேட்க முடியாது.

அந்தத் தீர்ப்பு இன்னும் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. உலகின் பல நீதிமன்றங்களில் அதைப் படிக்கிறார்கள். தலைப்பில் ராணியின் பெயர்.

*

1862. எடுத்த சொத்தை அரசு தயவாகத் திருப்பிக் கொடுக்கிறது.

மூத்த ராணி நிர்வகிக்க வேண்டும். மற்ற ராணிகளும் சேர்ந்து அனுபவிக்க வேண்டும். கடைசி ராணியும் போன பிறகு மகளுக்கு; மகள் இல்லையென்றால் அடுத்த வாரிசுக்கு.

பிறகு ராணிகளுக்குள் வழக்கு. ஜீஜாம்பா பாயி, காமாட்சி பாயியின்மேல். 1868-இல் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு. ஒருவருக்குப் பல மனைவிகள் இருந்தால் கைம்பெண்கள் எப்படிச் சேர்ந்து சொத்தை வைத்துக்கொள்வது என்பதற்கு அது வழிகாட்டியாகிறது.

கைம்பெண் அனுபவிக்கலாம். தன் விருப்பத்துக்கு விற்கக் கூடாது. தனக்குப் பின் யாருக்கு என்று சொல்லவும் கூடாது. அவள் இறந்ததும் சொத்து கணவனின் வழிக்குத் திரும்பிவிடும்.

வாழும்வரை.

இந்தச் சொல் பழைய பத்திரங்களில் அடிக்கடி வருகிறது. ஜீவதசை வரையில். ஆயுள் பரியந்தம். எழுத்தர் அதை எழுதும்போது கை நின்றதாகத் தெரியவில்லை. வரி ஒரே சீராக ஓடுகிறது.

*

கடைசி ராணி 1892-இல் இறக்கிறார். மகள் அதற்கு முன்பே போய்விட்டார்.

நூலகம் மட்டும் பிரிவினைக்குள் போகாமல் தப்புகிறது. சரஸ்வதி மகால். 1918-இல் மக்களுக்கு வந்து சேர்கிறது.

மற்றதற்கு வழக்கு. 1920-கள் வரை நீள்கிறது.

அதில் ஒரு கேள்வி. மங்கள விலாசத்தில் இருந்த பெண்கள். மன்னருக்குப் பதிலாக அவருடைய வாளை வைத்துத் தாலி கட்டப்பட்டவர்கள். கத்திக் கல்யாணம். அது கல்யாணமா. அவர்களின் பிள்ளைகள் பிள்ளைகளா.

மன்னர் இறந்து 60 ஆண்டுக்கு மேல். நீதிபதிகள் பழைய சாட்சியங்களைப் படிக்கிறார்கள். சடங்கு எப்படி நடந்தது. அக்கினி இருந்ததா. யார் பார்த்தார்கள்.

அந்தப் பெண்களில் ஒருத்தி, வாளுக்கு முன்னால், கழுத்தை நீட்டும் கணம்.

அங்கேயே இருக்கிறேன்.

*

மறுபடி குத்தாலம். மதியம். கோயில் குளத்தில் காற்று.

சுந்தரர் இங்கே இறங்குகிறார். பிரியமாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குச் சொன்ன சொல்லை மீறியவர். கண் போய்விட்டது. உடம்பில் நோய். இந்தக் குளத்தில் முழுகி எழுகிறார். நோய் நீங்குகிறது.

அவருடைய முதல் கல்யாணம் ஓர் ஓலையால் நிற்கிறது. புத்தூர்ப் பந்தல். கிழவர் ஒருவர் வருகிறார். உன் பாட்டன் எழுதித் தந்த ஆளோலை என்கிறார். பாட்டனும் அவன் வழியும் தனக்கு அடிமை என்கிறார். வெண்ணெய்நல்லூர்ச் சபை மூல ஓலையை வாங்கிப் பார்க்கிறது. பாட்டனின் வேறு எழுத்தோடு ஒப்பிடுகிறது. எழுத்து ஒத்துப்போகிறது.

எழுதியவர் பாட்டன். கட்டுப்பட்டவர் பேரன்.

பந்தலில் மிஞ்சியவள் சடங்கவியார் மகள். பெரியபுராணத்தில் அவள் அப்படித்தான் நிற்கிறாள். இன்னாரின் மகள். அவரையே நினைத்திருந்து சிவலோகம் சேர்கிறாள். அவ்வளவுதான் அவள் கதை.

தண்ணீரில் கோபுரம் கலைகிறது. சேர்கிறது.

*

ஆளோலை புராணத்தோடு முடியவில்லை.

பண்ணையாளின் கல்யாணத்துக்கு மிராசுதார் நெல் கொடுக்கிறார், பணம் கொடுக்கிறார். அந்தக் கடன் அவனைப் பண்ணையில் கட்டிப்போடுகிறது. அவன் தீர்க்காவிட்டால் மகன். மகன் கல்யாணத்துக்கு மறுபடி கடன்.

அவனுக்கும் இருந்தது ஒரு வாரிசுச் சொத்து.

1952-இல் தஞ்சை ஜில்லாவுக்கென்று தனியாகச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருகிறது. பல ஆண்டுப் போராட்டத்தின் பின் வருகிறது.

தகரப்பெட்டியில் அந்தக் கடன்களுக்குத் தாள் இல்லை. வாய்வார்த்தை. அது தாளைவிட நீண்ட நாள் நிற்கிறது.

உடம்பில் எங்கோ ஓர் இறுக்கம். கவனிக்கிறேன். அது தளரவில்லை. தளரவேண்டும் என்றும் தோன்றவில்லை.

*

கோனேரிராஜபுரம். வழியெல்லாம் வயல்.

சோழ அரசி செம்பியன் மாதேவி கட்டிய கற்றளி. கணவர் கண்டராதித்தரின் பெயரால். சுவரில் கண்டராதித்தர் லிங்கத்தை வணங்கும் சிற்பம். கீழே கல்வெட்டு. மேலே ஒரு பல்லி அசையாமல் இருக்கிறது.

கண்டராதித்தர் இறக்கும்போது மகன் சிறு பிள்ளை. பட்டம் கொழுந்தனுக்குப் போகிறது. பிறகு கொழுந்தனின் மகனுக்கு. வெகுநாள் கழித்துத்தான் சொந்த மகன் உத்தம சோழனுக்கு. அவனுக்குப் பிறகு 985-இல் ராஜராஜன்.

இத்தனை கை மாறும்போதும் இந்த அம்மையார் கோயில் கட்டிக்கொண்டிருக்கிறார். செங்கல்லாக இருந்தவற்றைக் கல்லாக்குகிறார். நிலம் வாங்கி விளக்குக்கும் பூசைக்கும் எழுதிவைக்கிறார். குத்தாலத்துக் கற்றளியும் அவருடையது என்கிறார்கள். மருமகள்கள் மாமியாரின் பிறந்த நட்சத்திரத்துக்கு அன்னமிட அறக்கட்டளை வைக்கிறார்கள்.

கையை நீட்டி எழுத்தின் மேல் வைக்கிறேன். கல் வெயிலில் சுடுகிறது.

ராணி என்பதால் கல் கிடைத்தது. அதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.

*

காட்டுமன்னார்கோயிலில் இன்னொரு கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சி ஆண்டு.

ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலத்தை அரசு எடுத்துக்கொள்கிறது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன். அவர்களோடு நிற்பதில்லை. உடன்பிறந்தார், மக்கள், மனைவிமார், அவர்களுக்குப் பெண் கொடுத்தவர், அவர்களிடம் பெண் எடுத்தவர் என்று நீள்கிறது.

கொண்டான் கொடுத்தான் எல்லோரும்.

ஒரு கல்யாணத்தின் வழியாக நிலம் வருகிறது. அதே கல்யாணத்தின் வழியாகப் போகவும் செய்கிறது. அந்தக் குடும்பங்களின் பெண்கள் அன்று மாலை என்ன சமைத்தார்கள்.

பதில் இல்லாத கேள்வி. இருந்துவிட்டுப் போகட்டும்.

*

சட்டங்கள் நிதானமாக வருகின்றன.

1929, செங்கல்பட்டு. சுயமரியாதை மாநாடு. பெண்ணுக்கு ஆணோடு சமமாகச் சொத்தில் உரிமை வேண்டும் என்று தீர்மானம்.

1937. இந்துக் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் மகனோடு ஒரு பங்கு. விவசாய நிலத்துக்கு இது பொருந்தாது என்று 1941-இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்கிறது. காவிரிக்கரையில் சொத்து என்றால் நிலம்தான். சென்னை மாகாணம் 1947-இல் வயலையும் சேர்க்கிறது.

1956. கைம்பெண்ணின் ‘வாழும்வரை’ போய்விடுகிறது. கையில் இருப்பது முழுதாக அவளுடையது. தந்தையின் தனிச்சொத்தில் மகளும் வாரிசு. பிதிரார்ஜிதத்தில் மகன்கள்தான் பிறப்பால் பங்காளிகள்.

1961. நில உச்சவரம்பு. குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். 1970-இல் 15. பெண்ணின் சீதன நிலத்துக்குத் தனியாக 10 ஏக்கர் வரை விலக்கு. பண்ணை வீடுகளில் பெண்களின் பெயர்கள் தாளில் ஏறத் தொடங்குகின்றன. மனைவி, மகள், மருமகள். நிலத்தைக் காப்பாற்ற அவர்கள் பெயர் தேவைப்படுகிறது. கையெழுத்து வாங்க வரும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டுவதில்லை.

மின்விசிறி சுற்றுகிறது. தாள்கள் படபடக்கின்றன. ஒரு கூழாங்கல்லை மேலே வைக்கிறேன்.

*

1989 மார்ச் 25. தமிழ்நாடு. பிதிரார்ஜிதச் சொத்தில் மகனைப் போலவே மகளும் பிறப்பால் பங்காளி.

அந்தத் தேதிக்கு முன் மணமான மகளுக்கு இல்லை.

ஒரே வீட்டில் அக்காவும் தங்கையும். அக்காவுக்குத் தை மாதத்தில் கல்யாணம். தங்கைக்கு வைகாசியில். நடுவில் பங்குனி. தங்கை பங்காளி. அக்கா இல்லை.

முகூர்த்தம் குறித்தவருக்கு இது தெரியாது.

2005 செப்டம்பர் 9-இலிருந்து நாடு முழுக்கச் சட்டம். மணமான நாளைக் கேட்பதில்லை. 2020 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம், வினீதா சர்மா வழக்கில். 2005-இல் தந்தை உயிரோடு இருந்தாரா என்றும் பார்க்கவேண்டியதில்லை. மகள் பிறந்ததே போதும்.

பிறந்ததே போதும்.

நிலத்தைப் பற்றிய ஒரு தீர்ப்பில் இந்தச் சொற்கள் இருக்கின்றன. கொஞ்ச நேரம் அவற்றோடு உட்கார்ந்திருக்கிறேன்.

*

சார்பதிவாளர் அலுவலக வாசல். புங்க மர நிழல். பத்திர எழுத்தரின் சிறிய மேசை.

இப்போதெல்லாம் அண்ணன் தம்பி மட்டும் வந்து பிரித்துக்கொள்ள முடிவதில்லை. தங்கையும் வரவேண்டும். தங்கை வருகிறாள். நல்ல புடவை கட்டியிருக்கிறாள். அவளுக்கு டீ வாங்கித் தருகிறார்கள். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

விடுதலைப் பத்திரம்.

திருமணத்தின்போது சீரும் செலவும் செய்துவிட்டபடியால், மேற்படி சொத்தில் எனக்கு இனி எவ்வித பாத்தியமும் சம்பந்தமும் இல்லை.

பத்திர எழுத்தர் சத்தமாகப் படிக்கிறார். கைநாட்டு இல்லை இப்போது. கருவியின் கண்ணாடியில் விரலை அழுத்துகிறாள். பச்சை ஒளி வருகிறது.

பங்கைக் கேட்டால் தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற நினைப்பு. யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிகிறது. பொங்கல் சீர், பிள்ளைக்குக் காது குத்த மாமன் மடி, நாளை அவள் சாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடி. இத்தனையையும் ஒரு தராசில் வைத்து, இன்னொரு தட்டில் நிலத்தை வைக்கச் சொல்கிறது ஊர்.

இது நியாயமில்லை.

வேறு எதையும் தீர்ப்பிடாமல் பார்த்துக்கொண்டு வந்தவன் இதை எழுதுகிறேன். எழுதிய பிறகும் அடிக்கத் தோன்றவில்லை.

*

பெட்டியின் அடியில் ஒரு தாள். 1978. அம்மாவின் கையெழுத்து.

மாமாக்கள் பிரித்துக்கொண்ட பாகப்பிரிவினை. அம்மா கடைசியில் போட்டிருக்கிறார். அவருடைய கையெழுத்து எப்போதும் கொஞ்சம் சாய்வாக இருக்கும். இதில் நேராக இருக்கிறது. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக.

பத்தரை மா அன்று பிரிந்தது. தாத்தா அம்மாவுக்கு எழுதிவைத்த மஞ்சக்காணி இரண்டு மா. அதை என் படிப்புக்கு விற்றார்.

அம்மா அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடிக்கிறேன். முத்திரை. வரிசை எண். சாட்சிகள் இருவர்.

2005 சட்டம் 2004 டிசம்பர் 20-க்கு முன் முடிந்த பாகப்பிரிவினைகளைத் தொடுவதில்லை. அம்மாவின் பத்திரம் அதற்கு முந்தியது.